ஒன்றரைக் குவிண்டால் காமிக்ஸ்

டோக்கியோவில் மின்சார ரயில் ஏறியதும் நம்ம ஊர்க்காரனுக்கு முதலில் உறைப்பது கூட்டம் இல்லை. கூட்டம் நமக்குப் பழக்கம். உறைப்பது மௌனம். ஒரு பெட்டி முழுக்க ஜனம் நெருக்கியடித்து நிற்கிறது; ஒருத்தர் வாயைத் திறப்பதில்லை. ரயிலில் போன் பேசுவது அங்கே அநாகரிகம். ஆகவே அத்தனை தலையும் குனிந்து, அத்தனை கட்டை விரலும் போனைத் தடவிக்கொண்டு... ஏதோ கூட்டுப் பிரார்த்தனை மாதிரி இருக்கும்.

பக்கத்து ஆளின் போனை எட்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் நாம் பார்ப்போம். கோட்டு சூட்டு, டை, நரைத்த மீசை, ஜெனரல் மானேஜர் களை. போனில் என்ன என்கிறீர்கள்? காமிக்ஸ்! ஒரு பையன் வாளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். மானேஜர் முகத்தில் சலனமே இல்லை. பாலன்ஸ் ஷீட் பார்க்கிற அதே முகம்.

ஜப்பானில் காமிக்ஸுக்கு 'மங்கா' என்று பெயர். உப்பு, மிளகாய்ப்பொடி ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. எனக்கும் வந்தது. அங்கே அது குழந்தைச் சமாசாரம் இல்லை. சமையல், ஆபீஸ் அரசியல், கோல்ஃப், ஒயின், வக்கீல் தொழில் எல்லாவற்றுக்கும் மங்கா உண்டு.

முப்பது வருஷத்துக்கு முன் இதே ரயிலில் இதே ஆட்கள் கையில் காகிதம் இருந்தது. 'ஷோனென் ஜம்ப்' என்று ஒரு பத்திரிகை. 1968-ல் ஆரம்பித்து, அடுத்த வருஷமே வாரப் பத்திரிகையானது. டெலிபோன் டைரக்டரி கனம், நானூறு பக்கத்துக்கு மேல், சாயம் போட்ட மலிவுக் காகிதம். 1994 கடைசியில் வந்த ஒரே ஒரு இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி. ஒரு வாரத்துக்கு ஸார்! வாங்குவார்கள், ரயிலில் படிப்பார்கள், இறங்கும்போது மேலே சாமான் வைக்கிற தட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து ஏறுகிறவர் எடுத்துக்கொள்வார். பைசா செலவில்லை. இந்தத் தட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேண்டியிருக்கும்.

அப்புறம் போன் வந்தது. 2017-ல் ஜப்பானில் காமிக்ஸ் தொகுதிகளின் டிஜிட்டல் விற்பனை அச்சுத் தொகுதிகளின் விற்பனையைத் தாண்டியது. 2024-ல் காமிக்ஸ் மொத்த விற்பனை 70,000 கோடி யென்னுக்கு மேல். அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் டிஜிட்டல். காகிதம் தோற்றுவிட்டது, கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன், அந்த ஊரில் ஒரு பஞ்சாயத்துக்கு என்னை நாட்டாமையாக உட்கார வைக்கும் வரை.

* * *

ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் டோக்கியோவில் இருந்தேன். பாலா என்கிற என் பெயரில் 'லா' அவர்களுக்கு வராது; 'ரா' ஆகிவிடும். ரோஜாப்பூவுக்கு அவர்கள் மொழியில் 'பரா'. கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டால் நான், இழுக்காவிட்டால் பூ. பாதி ஆபீஸ் இழுக்கவில்லை.

அடுத்த சீட்டு நண்பருக்கு நாற்பது வயசு. அளந்து பேசுகிற மனிதர். ஒருநாள் சாயங்காலம் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "பாரா-சான், நீங்க வெளியூர்க்காரர். ஒரு பக்கமும் சாய மாட்டீங்க. எங்க வீட்டுக்கு வந்து ஒரு தீர்ப்பு சொல்லணும்" என்றார். ஒரு ஜப்பானியர் தன் வீட்டுக்குக் கூப்பிடுவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. போனேன்.

இரண்டு ரூம், ஒரு சமையலறை. மனைவிக்கு ஏழாம் மாதம். குழந்தைக்கென்று ஒதுக்கிய சின்ன ரூமின் ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை புத்தக அலமாரி. சுமார் 900 காமிக்ஸ் தொகுதிகள். கையகல சைஸ், ஒவ்வொன்றும் 170 கிராமுக்குக் குறையாது. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஒன்றரைக் குவிண்டாலுக்குக் குறையாது! நம்ம ஊர் மண்டியில் இதை இரண்டு பேர் தூக்குவார்கள்.

அவர் மனைவி தேநீர் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இது எல்லாமே போன்லயும் கிடைக்குது. நானும் போன்லதான் படிக்கிறேன். இவரைவிட நான் அதிகமா படிப்பேன். எனக்குக் காமிக்ஸ் மேல கோபம் இல்ல. இந்த அலமாரி மேலதான் கோபம்."

காரணம் சொன்னார். 2011 மார்ச் 11, மத்தியானம் 2.46. பூகம்பம். நண்பர் அப்போது தனிக்கட்டை, வேறொரு வீட்டில் குடியிருந்தார். ஆபீசில் மேஜைக்கு அடியில் புகுந்தவர், ரயிலெல்லாம் நின்றுபோனதால் நாலு மணி நேரம் நடந்தே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். கதவைத் திறந்தால், அலமாரி குப்புறக் கிடக்கிறது. அவர் தினமும் தலை வைத்துப் படுக்கிற மெத்தை மேல், மிகச் சரியாகத் தலைமாட்டில்.

"பகல்ல வந்ததால பிழைச்சேன்" என்றார் நண்பர், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

இப்போது அதே அலமாரிக்கு அடியில் தொட்டில். கூரைக்கும் அலமாரி உச்சிக்கும் நடுவே முட்டுக் கம்பி கொடுத்திருந்தார். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விட மாட்டார். டோக்கியோ வீட்டுக்காரரும் நம்ம மாம்பலம் வீட்டுக்காரரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

"எல்லாத்தையும் வித்துட்டு டிஜிட்டல்ல வாங்கிக்கலாமா? இல்ல..." என்று இழுத்தார் நண்பர்.

விலையை விசாரித்தேன். புதுசாக ஒரு தொகுதி 500, 600 யென். நம் காசில் ஏறக்குறைய 300 ரூபாய். டிஜிட்டலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 900 தொகுதியை மறுபடி வாங்கினால் நாலரை லட்சம் யென்னுக்குக் குறையாது. நாட்டாமை அன்று தீர்ப்பு சொல்லவில்லை. வாய்தா போட்டேன். "முதல்ல பழைய புத்தகக் கடை பக்கம் போய் நிலவரம் பார்ப்போம்."

* * *

முதல் சனிக்கிழமை, ஜிம்போச்சோ.

உலகத்தில் பழைய புத்தகத்துக்கென்று ஒரு தலைநகரம் வைத்தால் இங்கே வைக்கலாம். சுமார் 130 பழைய புத்தகக் கடைகள். நம்ம பழைய மூர் மார்க்கெட்டைக் கழுவித் துடைத்து, இஸ்திரி போட்டு, தெரு நெடுகப் பரப்பியது போல. பெரும்பாலான கடைகள் தெருவின் தெற்குப் பக்கம் வரிசையாக வடக்கே பார்த்து இருக்கும். வாஸ்து என்று நினைத்தேன். இல்லை, புத்தகத்தின் மேல் வெயில் படக் கூடாதாம்! காகிதம் பழுத்துவிட்டால் விலை போகாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'யாகே'. வெயிலில் சருமம் கறுப்பதற்கும் அதே வார்த்தைதான்.

இன்னொரு அதிசயம், இந்தப் புத்தகத் தெருவே டோக்கியோவின் கறிச்சோற்றுத் தெருவும். எங்கே திரும்பினாலும் 'கரே' கடை. நம் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். கெட்டியாக, கொஞ்சம் தித்திப்பாக இருக்கும். ஏன் இங்கே இத்தனை கடை என்று கேட்டால், "ஸ்பூனால சாப்பிடலாம், மற்ற கையில புத்தகம் பிடிக்கலாம்" என்கிறார்கள். நம்பினேன்.

ஒரு கடைக்காரரிடம் நண்பர் தன் பட்டியலை நீட்டினார். அவர் கேட்ட கேள்விகள், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பது போலவே இருந்தன. செட்டு முழுசா? நடுவில் ஏதாவது குறையா? பழுத்திருக்கா? மேலுறை இருக்கா? உள்ளே யாராவது எழுதியிருக்காங்களா? ஒரு தொகுதி குறைந்தாலும் மொத்த செட்டுக்கும் மதிப்பு போச்சு. எழுத்து இருந்தால் இன்னும் மோசம்.

கடைசியில் அவர் ஒரு தொகை சொன்னார். நாற்பது தொகுதி உள்ள ஒரு செட்டுக்கு எங்கள் இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டுச் செலவு வரும். நண்பர் முகம் தொங்கிவிட்டது. அதையே சாப்பிட்டுவிடலாம் என்று கரே கடைக்குள் நுழைந்தோம்.

அங்கே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். ஒரே கதை, ஒரே பக்கம். நண்பர் கையில் புத்தகம், என் கையில் அவருடைய போன்.

மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே படமாகப் போடுவது ஓவியர்களுக்குப் பிடித்த வித்தை. மலை, போர்க்களம், கடல் எல்லாம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரியும். புத்தகத்தில் அது மூச்சை இழுக்கிறது. போனில் பாதிக் கடல் ஒரு பக்கம், மீதிக் கடல் அடுத்த பக்கம். போனைப் படுக்க வைத்தால் முழுக் கடலும் வரும், தபால் தலை சைஸில்.

இன்னொன்று, பக்கம் புரட்டுவது. இடப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் கதவைத் திறக்கிறான், கண் விரிகிறது. என்ன பார்த்தான்? புரட்டினால்தான் தெரியும். அந்த இடத்துக்கு வருகிற மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் ஓவியர் கட்டம் பிரிக்கிறார். போனில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தள்ளல்தான். கதவும் ஒன்று, ஜன்னலும் ஒன்று.

ஆனால் போன் பக்கமும் நியாயம் உண்டு. கொரியாவிலிருந்து வந்த 'வெப்டூன்' வகை போனுக்கென்றே வரைவது. மேலிருந்து கீழே, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு படத்துக்கு நடுவே வெற்றிடத்தை நீட்டினால் நேரம் நீளும். ஒருவன் மாடியிலிருந்து விழுந்தால் உங்கள் விரலும் அவனோடு விழும். 'சோலோ லெவலிங்' போன்ற கதைகளைப் புத்தகமாக்கும்போது கட்டங்களைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. போனுக்கு வரைந்ததைப் போனில் படிப்பதுதான் முறை. புத்தகத்துக்கு வரைந்ததைப் புத்தகத்தில். இந்த ஒரு விதியிலேயே பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

இதற்குள் புத்தகத்தின் மேல் ஒரு சொட்டு கரே விழுந்துவிட்டது. போனாக இருந்தால் துடைத்திருக்கலாம். டிஜிட்டலுக்கு ஒரு மார்க் கூடப் போட்டேன்.

* * *

இரண்டாவது சனிக்கிழமை, நகானோ.

ஷின்ஜுகுவிலிருந்து ஐந்து நிமிஷ ரயில். மூடிய கடைத்தெரு ஒன்றைக் கடந்தால் 'நகானோ பிராட்வே'. 1966-ல் கட்டின கட்டடம். எஸ்கலேட்டரில் ஏறினால் இரண்டாம் மாடி வராது; நேரே மூன்றாம் மாடியில் கொண்டுபோய்த் தள்ளும். ஏறினவன் மூன்றாம் மாடியைப் பார்க்காமல் தப்ப முடியாது! 1980-ல் இங்கே சின்னதாக ஆரம்பித்த 'மண்டரகே' என்கிற பழைய காமிக்ஸ் கடை, இப்போது கட்டடம் முழுக்கத் துண்டு துண்டாகப் பரவியிருக்கிறது.

இங்கே காமிக்ஸ் வேறு அவதாரம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். நகைக்கடை விளக்கு. விலைச்சீட்டில் பூஜ்யங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் எண்ணியிருந்தேன்.

பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய தொகுதியை இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தார்களே ஒழிய யாரும் படிக்கவில்லை. பிரித்தால் மதிப்பு குறையும். "இதை வாங்கறவர் என்ன செய்வார்?" என்று நண்பரைக் கேட்டேன்.

"வீட்டுல இதே மாதிரி வெச்சிருப்பார்."

"படிக்கணும்னா?"

"போன்ல படிப்பார்."

காகிதம் என்றாலே புண்ணியம், போன் என்றாலே பாவம் என்று பேசுகிற கட்சியில் நான் இருந்தால், அன்று ராஜினாமா செய்திருப்பேன். யாரும் புரட்டாத காகிதம் லாக்கர் நகைதான். அதைவிட ரயிலில் மானேஜர் போனில் படிப்பது எத்தனையோ மேல்.

ஆனால் போனில் 'வாங்குகிறோம்' என்கிறோமே, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காசு கொடுத்தால் கிடைப்பது புத்தகம் அல்ல, படிக்க அனுமதி. 2009-ல் அமேசான் கம்பெனி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலின் ஒரு பதிப்பை, உரிமைத் தகராறு காரணமாக, வாங்கினவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், வாஸ்தவம். ஆனாலும் ராத்திரி வீட்டுக்குள் வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜை மேல் பணம் வைத்துவிட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்? மங்காவிலும் நடந்தது. வெளிநாட்டு வாசகர்களுக்காக ஆரம்பித்த 'ஜெமங்கா' என்ற இணையக் கடை 2013-ல் மூடியது. அந்த வருஷம் மே 30-க்குப் பிறகு, காசு கொடுத்து வாங்கியதையும் திறந்து படிக்க முடியவில்லை.

என் அனுபவம் இன்னும் தமாஷ். சென்னையில் ஒரு ஆப்பில் ஜப்பான் மங்காவை இங்கிலீஷில் படித்து வந்தேன். பெயர் வேண்டாம். டோக்கியோவில் இறங்கி, ஆசையாகத் திறந்தால், 'இந்தச் சேவை உங்கள் நாட்டில் கிடையாது' என்றது. டோக்கியோவில் எழுதி, டோக்கியோவில் வரைந்த கதையை மாம்பலத்தில் படிக்கலாம், டோக்கியோவில் படிக்க முடியாது! பக்கத்துக் கடையில் அதே கதை காகிதத்தில் அடுக்கி வைத்திருந்தது. பாஸ்போர்ட் கேட்கவில்லை.

* * *

மூன்றாவது சனிக்கிழமை நண்பரின் அம்மா வீடு. ஊரின் கிழக்குக் கோடியில், ஜோபான் லைனில், கமேயாரி.

ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு போலீஸ்காரரின் வெண்கலச் சிலை. இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்து கம்பளிப்பூச்சி போல. தியாகி என்று நினைத்துக் கும்பிடப் போனேன். காமிக்ஸ் ஹீரோவாம்! 'கொச்சிகமே' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். முழுத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கட்சுஷிகா வார்டு கமேயாரிப் பூங்கா எதிரிலுள்ள போலீஸ் ஸ்டேஷன் இதுதான்' என்று, எப்.ஐ.ஆர். மாதிரி வரும். ஒசாமு அகிமோட்டோ எழுதி வரைந்தது. சீக்கிரம் பணக்காரனாகத் திட்டம் போட்டுப் போட்டுக் குட்டிச்சுவராகிற ஒரு கான்ஸ்டபிளின் கதை. 1976-ல் ஜம்ப்பில் ஆரம்பித்து 2016 செப்டம்பரில் முடிந்தது. நாற்பது வருஷம், ஒரு வாரம்கூட விடாமல்! 200 தொகுதிகள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் பக்கத்து வீட்டு மனிதர்.

நண்பரின் அலமாரியிலும் அந்த 200 இருக்கிறது. முதல் 100 அப்பா வாங்கியது, அப்புறம் பிள்ளை. அப்பா இப்போது இல்லை.

அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார். அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. சம்பள நாளன்று ஒரு தொகுதி வாங்குவார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுவார். வாராந்தர ஜம்ப் மட்டும் காசு கொடுத்து வாங்க மாட்டார். ரயில் தட்டில் யாராவது விட்டுப் போனதை எடுத்து வந்து சமையலறையில் போடுவார். பையன் படிக்கப் பழகியதே அந்தத் தட்டுப் பத்திரிகையில்தான்.

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. 65 லட்சம் பிரதி விற்றது என்றால், படித்தவர்கள் அதற்கும் மேல். விற்ற கணக்கில் வராத ஆட்களில் ஒருவன் என் நண்பன். இன்று ரயிலில் அதே கதையைப் போனில் படிக்கிற மானேஜர் இறங்கும்போது போனைத் தட்டில் வைத்துவிட்டுப் போக மாட்டார். போகவும் முடியாது. போனில் இருப்பது அவரோடு வந்து அவரோடேயே இறங்கிவிடுகிறது. அவர் பிள்ளைக்குக்கூட அப்பா என்ன படிக்கிறார் என்று தெரியாது. 'அப்பா போன் பார்க்கிறார்', அவ்வளவுதான் தெரியும்.

நண்பர் ஒரு தொகுதியைப் பையில் எடுத்து வந்திருந்தார். கடைசிப் பக்கத்தைக் காட்டினார். மங்கின பென்சில் எழுத்து. ஜிம்போச்சோ கடைக்காரர் விலையைக் குறைக்கச் சொன்ன காரணம் இதுதான். எழுத்து இருந்தால் மோசம்.

"இதெல்லாம் இங்கேயே வெச்சுக்கலாமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ஏதுடா இடம்?" என்றார் அம்மா. உலகத்து அம்மாக்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்.

* * *

தீர்ப்பை நாட்டாமை சொல்லவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்.

அட்டைப் பெட்டிகளை நடுவில் போட்டுக்கொண்டு நாங்கள் பிரிக்க உட்கார்ந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகம்கூட நகரவில்லை. எதை எடுத்தாலும் நண்பர், "இதை மறுபடி படிப்பேன்" என்றார். உதவிக்கு வந்த அக்கா பெண், பத்து வயசு வாண்டு, காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு கையில் கிடைத்ததைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. சிறுவர் மங்காவில் கடினமான எழுத்துக்குப் பக்கத்தில் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு படித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதே பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நானும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரில் அவள்தான் வேகம்.

மனைவி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணவரிடம் சொன்னார்: "மறுபடி படிப்பீங்களான்னு கேட்டா எல்லாத்துக்கும் ஆமாம்னுதான் சொல்வீங்க. கேள்வியை மாத்துவோம். இது யாருக்குக் கொடுக்க? ஆள் பேர் சொல்லுங்க. பேர் வந்தா காகிதம். வரலைன்னா போன்."

அவ்வளவுதான். அரை நாளில் வேலை முடிந்தது.

அப்பா தேதி எழுதிய 100: பிறக்கப் போகிற பிள்ளைக்கு. பேர் இன்னும் வைக்கவில்லை என்றாலும் பேர் வந்த மாதிரிதான். அந்த வாண்டு பெட்டிக்குள் படித்த செட்டு: அவளுக்கே, கையோடு. ஒரு மருத்துவமனைக் கதை: மனைவியின் தங்கைக்கு, அவர் நர்ஸ். பெரிய பெரிய இரட்டைப் பக்கப் படம் போட்ட சாமுராய்க் கதைகள் கொஞ்சம்: இவருக்கே. "எனக்கு நானே கொடுத்துக்கறேன்" என்று கெஞ்சி அனுமதி வாங்கினார். எல்லாம் கூட்டி வீட்டில் தங்கியது 180. மிச்சத்தில் பெரும்பாலானவை, துரத்துகிறான், அடிக்கிறான், தொடரும். அவற்றுக்கு யார் பேரும் வரவில்லை. வாராவாரம் தொடர்கிறதை இனிப் போனில் படித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விளக்கும் போடாமல், ஒரு கையால் படிக்கப் போனை மிஞ்ச ஒன்றும் இல்லை என்றார் மனைவி. ஏற்கெனவே பட்டியல் தயார் செய்து வைத்திருந்தார்.

விற்ற பணத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டை அலமாரி வாங்கினார்கள். சரியாக அதற்குத்தான் காணும். 180 தொகுதி, முப்பது கிலோ சொச்சம். தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் நிற்கிறது. விழுந்தாலும் தரையில்தான் விழும். நடக்கிற வயசு வந்தால் கைக்கு எட்டும்.

நம் வீட்டுக்கும் இந்தக் கேள்வி உதவும் என்று தோன்றியது. பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்த வீடுகளை நமக்குத் தெரியும். அவர்கள் ஒன்றும் பத்திரிகை முழுசையும் பைண்டு பண்ணவில்லை. அரசியல், சினிமா, ஜோக்கெல்லாம் எடைக்குப் போயிற்று. யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள் என்று தெரிந்ததைத்தான் பைண்டு பண்ணினார்கள். இன்று போனும் கடையும் இரண்டும் எதிரே இருக்கும்போது நாம் பிரிக்க வேண்டியதும் அதே மாதிரிதான். மாதக் கடைசியில், 300 ரூபாய் கையில் இருக்கும்போது, இது ரொம்பவே உதவுகிறது. எனக்கு ஆகிற செலவு பாதியாகிவிட்டது.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. சட்டை, பேன்ட், ஆபீசுக்குச் சாக்லேட், அம்மாவுக்கு விசிறி போக, காமிக்ஸ் ஏழுக்குத்தான் இடம். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கென்று நண்பரின் மனைவியே ஏழு தொகுதியைப் பொறுக்கி, துணியில் கட்டிக் கொடுத்தார். மற்றதெல்லாம் என் போனில் இருக்கிறது. மாம்பலம் வந்ததும் ஆப் பழையபடி திறந்துகொண்டது.

போன மாதம் நண்பரிடமிருந்து செய்தி. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். கூடவே இன்னொன்று: 'பாரா-சான், அக்கா பெண்ணுடைய செட்டில் ஐந்தாம் தொகுதியைக் காணோம். உங்கள் மூட்டையில் போய்விட்டதாம். நாலாம் தொகுதி முடிகிற இடத்தில் ஒருவன் கதவைத் திறக்கிறானாம். உள்ளே என்ன என்று தெரியாமல் அவள் இரண்டு வாரமாக எங்களைத் தூங்கவிடவில்லை.'

போனில் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று பதில் போட்டேன்.

'கேட்டோம். செட்டு குறையுமாம். புத்தகம்தான் வேண்டுமாம்.'

கூரியர் ஆபீசில் விசாரித்தேன். சொன்ன தொகைக்கு இங்கிருந்தே புதுசாக நாலைந்து தொகுதி வாங்கலாம். அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன் முதல் பக்கத்தை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு பூனை.